தகவலாளி எண் ஏழு கேட்ட கேள்வி

(பல்கலைக்கழக ஆய்வு மாணவர்களின் அம்பேத்கர் வாசிப்பு வட்டத்தில், 'கலைப்புலத்தில் இன்றைய ஆய்வுகள்' என்ற தலைப்பில் பேசியதன் எழுத்து வடிவம்.)



நம் கலைப்புலக் கட்டடத்துக்குள் நுழைந்ததும் இடது பக்கம், தண்ணீர் கேனுக்கு மேலே, ஒரு கண்ணாடிப் பலகை இருக்கிறது. 'நடப்பு ஆய்வுகள்' என்று தலைப்பு போட்டு, தமிழ், வரலாறு, தத்துவம், ஆங்கிலம், மொழியியல் என்று துறைவாரியாக ஆய்வுத் தலைப்புகளை ஒட்டியிருப்பார்கள். வைஃபை நன்றாகக் கிடைக்கும் இடம் என்பதால் நாம் எல்லோரும் அதன் கீழேதான் நிற்போம். ஆனால் யாரும் நிமிர்ந்து படிப்பதில்லை. ஐந்து வருடமாக இங்கே இருக்கிறேன். இந்தக் கூட்டத்தில் பேசச் சொன்ன பிறகுதான் போன வாரம் நின்று முழுவதையும் படித்தேன்.

சங்க இலக்கியத்தில் நீர் மேலாண்மை இருக்கிறது. கோயில் கல்வெட்டுகளில் நிலக்கொடை இருக்கிறது. கொங்கு வட்டார நாவல்களில் பண்பாடு இருக்கிறது. நல்ல ஆய்வுகள்தான், குறை சொல்லவில்லை. சாதியைத் தொடும் தலைப்புகள் நான்கு. தலித் சிறுகதைகளில் வலி, தலித் பெண்களின் தன்வரலாறுகள், பறையிசை, புதிரை வண்ணார் வழக்காறுகள். நான்கையும் செய்கிறவர்கள் நம் தோழர்கள். இரண்டு பேர் இப்போது இந்த அறையில் இருக்கிறார்கள். அவர்கள் உழைப்பை நான் அறிவேன்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அந்தப் பலகையில் சாதி என்றால் நம்மைப் பற்றிய விஷயம் என்று ஆகியிருக்கிறது. சாதியால் நிலம் பெற்றவர், குளத்தைத் தனதாக்கிக்கொண்டவர், கோயில் தேரின் வடத்தை முதலில் பிடிக்கிறவர், அவருக்கும் சாதி இருக்கிறதே? அவர் அந்தப் பலகையில் எங்கே இருக்கிறார்? 'பண்பாடு', 'வட்டார வரலாறு', 'நிலக்கொடை' என்ற பெயர்களில் இருக்கிறார். அங்கே அவருடைய சாதிக்குப் பெயர் கிடையாது. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில், ஊர்களில் வரி நீக்கிய நிலங்களைப் பட்டியல் போடும் இடத்தில், ஊர் நத்தத்தோடும் வாய்க்காலோடும் பறைச்சேரி, தீண்டாச்சேரி என்ற சொற்களும் வருகின்றன. ஆயிரம் வருடத்துக்கு முந்தைய கல். நிலக்கொடையை ஆராய்கிற ஒருவர் அந்தச் சொற்களை ஒரு அடிக்குறிப்பில் தாண்டிப் போய்விடலாம். நம்மால் அப்படித் தாண்ட முடியாது. அந்தச் சொல்லில் நின்றுவிடுவோம். ஒரே கல்வெட்டிலிருந்து இரண்டு ஆய்வுகள் பிறப்பது இப்படித்தான்.

அந்தப் பலகையில் ஒன்பதாவது தலைப்பு என்னுடையது. 'செங்கல்பட்டுப் பகுதியில் நில உறவுகள்: ஒரு வரலாற்றுப் பார்வை.' படித்துப் பார்த்தால் எனக்கே தூக்கம் வருகிறது. நான் முதலில் எழுதிக் கொடுத்த தலைப்பு இது இல்லை. 'செங்கல்பட்டுப் பகுதியில் பஞ்சமி நிலம் யார் கைக்குப் போனது?' என்று எழுதிக் கொடுத்தேன். ஆய்வுத் தலைப்பில் கேள்விக்குறி வரக்கூடாது என்றார்கள். பிறகு 'யார்' என்ற சொல் வேண்டாம் என்றார்கள். கடைசியில் 'பஞ்சமி'யும் போய்விட்டது.

அந்தக் குழுவில் ஒருவர் கேட்டார்: "உங்களுக்கு ரொம்ப நெருக்கமான விஷயமாச்சே, நடுநிலைமை இருக்குமாம்மா?" அதே மாதம், தத்துவத் துறையில் என் நண்பர் ஒருவர் மொழியும் பொருளும் பற்றி ஆய்வு செய்ய வேண்டும் என்று போனார். அவரும் நம் பிள்ளைதான். அவரிடம் கேட்டது வேறு கேள்வி: "உங்களுக்கு எதுக்குப்பா இது? தலித் இலக்கியத்துல ஏதாவது எடுத்தா சுலபமா முடிச்சிடலாமே?" நம்மைப் பற்றி எழுதினால் நடுநிலைமை இல்லை. வேறு எதைப் பற்றி எழுதினாலும் நமக்கெதற்கு அது. இரண்டு கதவையும் சாத்திவிட்டு, உள்ளே வாருங்கள் என்று கூப்பிடுகிறார்கள்.

கோபால் குரு 2002-இல் 'எகனாமிக் அண்ட் பொலிடிகல் வீக்லி'யில் ஒரு கட்டுரை எழுதினார். இந்தியச் சமூக அறிவியல் எந்த அளவுக்குச் சமத்துவமானது என்பதுதான் அதன் கேள்வி. இங்கே கோட்பாடு செய்வது ஒரு கூட்டத்தின் வேலையாகவும், தரவு சேகரிப்பது இன்னொரு கூட்டத்தின் வேலையாகவும் பிரிந்து கிடக்கிறது என்று காட்டினார். ஊரும் சேரியும் பிரிந்து கிடப்பதைப் போல. இருபது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. அந்தக் கட்டுரையை நம் துறைகளில் பாடமாகவே வைத்திருக்கிறார்கள். பாடமாக வைத்துக்கொண்டே அதைச் செய்கிறார்கள்.

அண்ணல் அம்பேத்கரை நினைத்துப் பாருங்கள். 1916 மே 9 அன்று, கொலம்பியா பல்கலைக்கழகத்தில், கோல்டன்வைசரின் மானிடவியல் கருத்தரங்கில் இந்தியாவில் சாதிகள் பற்றிய கட்டுரையை வாசித்தார். அப்போது அவருக்கு வயது 25. அகமணமுறைதான் சாதியின் உயிர்நாடி என்று அன்றே சொல்லிவிட்டார். நெருக்கமான விஷயம் என்று ஒதுங்கவில்லை. அதே மனிதர் லண்டனில் டி.எஸ்.சி. பட்டத்துக்கு எடுத்துக்கொண்ட பொருள் ரூபாயின் பிரச்சினை. அது 1923-இல் புத்தகமாக வந்தது. நமக்கெதற்கு நாணயம் என்றும் அவர் ஒதுங்கவில்லை. சாதியைப் பற்றி எழுதுவதும் நம் உரிமை, ரூபாயைப் பற்றி எழுதுவதும் நம் உரிமை. இதை இங்கே இருக்கும் முதலாண்டுத் தோழர்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இனி என் ஆய்வுக்கு வருகிறேன். பஞ்சமி நிலம் என்ற சொல்லை எல்லோரும் கேட்டிருப்பீர்கள். அதன் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பழைய செங்கல்பட்டு ஜில்லாவில் மிராசு முறை இருந்தது. ஊர் நிலத்தில் மிராசுதாரர்களுக்குப் பரம்பரை உரிமை. ஊரில் தரிசு கிடந்தால், அதைப் பயிர் செய்ய அரசாங்கத்திடம் விண்ணப்பம் போடலாம். அதற்குத் தர்காஸ்து என்று பெயர். ஆனால் சேரியிலிருந்து ஒருவர் தர்காஸ்து போட்டால், அந்த நிலம் எனக்கு வேண்டும் என்று மிராசுதாரர் முன்னால் வந்து நிற்கலாம், விதியே அவருக்குத்தான் முன்னுரிமை தந்தது. குடியிருக்கும் வீட்டு மனையும் மிராசுதாரருடையது என்று சொல்லப்பட்டது. கூலியை எதிர்த்துப் பேசினால் வீடு போய்விடும். படியாளாகப் பிறந்தவர் படியாளாகவே சாக வேண்டியதுதான்.

இதையெல்லாம் விசாரித்து 1891-இல் செங்கல்பட்டின் கலெக்டர் பொறுப்பிலிருந்த டிரெமென்ஹீர் ஓர் அறிக்கை எழுதினார். ஆடம் ஆண்ட்ரூ, வில்லியம் கௌடி போன்ற மிஷனரிகளும் அப்போது இதைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தார்கள். 1892 செப்டம்பர் 30 அன்று அரசாணை எண் 1010 வந்தது. ஒடுக்கப்பட்ட மக்களுக்கென்று நிலம் ஒதுக்கும் வழி அதில் பிறந்தது. சென்னை மாகாணம் முழுவதும் 12 லட்சம் ஏக்கர் என்பது இயக்கங்கள் சொல்லும் கணக்கு. இந்த நிலத்துக்கு நிபந்தனை உண்டு. முதல் 10 வருடத்துக்கு விற்கவோ, அடகு வைக்கவோ, தானம் கொடுக்கவோ, குத்தகைக்கு விடவோ கூடாது. அதற்குப் பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்குத்தான் விற்கலாம். மீறி விற்றால் செல்லாது. பதிவேட்டில் இதை டி.சி. நிலம் என்று குறிப்பார்கள். ஊரிலும் நம் பெரியவர்கள் 'டி.சி. லேண்டு' என்றுதான் சொல்வார்கள்.

இந்தக் காலத்து ஆவணங்களைப் படித்து ரூபா விஸ்வநாத் எழுதிய 'தி பறையா பிராப்ளம்' 2014-இல் வெளிவந்தது. ஜெர்மனியில் கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருப்பவர். நிலமும் உழைப்பும் சம்பந்தப்பட்ட ஓர் அடிமைத்தனம், மதப் பிரச்சினையாகவும் சமூகப் பழக்கமாகவும் எப்படி மாற்றிப் பேசப்பட்டது என்பதை அந்தப் புத்தகம் காட்டுகிறது. அது வெளிநாட்டில் நடக்கும் ஆய்வு. அவர் படித்த அதே வகைக் காகிதங்கள் எழும்பூரில், 1909-இல் கட்டிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. நம் விடுதியிலிருந்து ஒரு பஸ், ஒரு ரயில்.

ஆனால் அந்த அரசாணையை நமக்குக் கண்டுபிடித்துக் கொடுத்தது எந்தப் பல்கலைக்கழகமும் இல்லை. அதை ஜெராக்ஸ் எடுத்து, மடித்துப் பையில் வைத்துக்கொண்டு ஊர் ஊராகப் போனவர்கள் இயக்கத் தோழர்கள். காரணை நிலத்தைக் கேட்டுப் போராடியபோது, 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் துப்பாக்கிச் சூடு நடந்தது. ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் உயிரைக் கொடுத்தார்கள். பஞ்சமி நிலம் என்ற சொல் நம் ஆய்வுக்குள் வந்ததே அந்த ரத்தத்துக்குப் பிறகுதான்.

அயோத்திதாசப் பண்டிதரின் கதையும் அதுவே. 1907 ஜூன் 19 அன்று 'ஒரு பைசாத் தமிழன்' தொடங்கினார். வாராவாரம் வந்த இதழ். அன்பு பொன்னோவியம் போன்றவர்கள் அந்தத் தாள்களைச் சொந்த முயற்சியில் தேடிக் காப்பாற்றினார்கள். ஞான. அலாய்சியஸ் தொகுத்து, பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையம் 1999-இல் வெளியிட்ட பிறகுதான் துறைகள் விழித்துக்கொண்டன. இன்று அயோத்திதாசர் பெயரில் எத்தனையோ ஆய்வேடுகள் வருகின்றன. சந்தோஷம். அந்தத் தாள்களைக் கரையானிடமிருந்து காப்பாற்றியவர்களுக்கு எந்த ஆய்வு நிதியும் வரவில்லை என்பதையும் சேர்த்து ஞாபகம் வைத்துக்கொள்வோம்.

இப்போது நான் செய்த ஒரு தவறைச் சொல்ல வேண்டும். இந்த உரைக்கு ஒப்புக்கொண்டதே அதைச் சொல்வதற்காகத்தான்.

என் கள ஆய்வில் ஒரு காலனியில் ஓர் ஆயாவை நாலைந்து முறை சந்தித்துப் பேசினேன். ஊர் பெயரும் ஆயா பெயரும் வேண்டாம். என் ஆய்வேட்டில் அவர் 'தகவலாளி எண் ஏழு'. அவருடைய மாமனார் காலத்தில் அந்தக் குடும்பம் ஒரு கழனியில் பயிர் வைத்திருந்தது. ஒரு பஞ்ச காலத்தில் இரண்டு மூட்டை நெல்லுக்காக மாமனார் ஒரு காகிதத்தில் கைநாட்டு வைத்தார். அடுத்த போகத்திலிருந்து அதே கழனியில் அவர் கூலிக்காரர். இதைச் சொல்லும்போது ஆயா அழவில்லை. கடையில் வாங்கிய சாமானின் விலையைச் சொல்வதைப் போலச் சொன்னார். மூன்றாவது தடவை போனபோது என்னைப் பார்த்துக் கேட்டார்: "எத்தினி தபா வந்து எழுதிக்கினு போற கண்ணு. எங்க கயனியப் பத்தி அந்த கவருமெண்டு காயிதத்துல இன்னா போட்டுக்குது?"

பார்த்துச் சொல்கிறேன் ஆயா என்றேன். பார்க்கவும் செய்தேன். அந்த மாசி மாதம், பழைய செட்டில்மென்ட் பதிவேட்டில் அந்த ஊரின் பக்கங்கள் கிடைத்தன. தொட்டால் ஓரம் உதிரும் தாள். அந்தப் புல எண்ணுக்கு நேரே குறிப்புப் பகுதியில் டி.சி. என்று தெளிவாக இருந்தது. 1979-இல் தொடங்கி 1987 வரை நடந்த நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்துக்குப் பிறகான பதிவேட்டை எடுத்துப் பார்த்தேன். அதே நிலத்துக்கு நேரே அந்தக் குறிப்பு இல்லை. பட்டா வேறு பெயரில் இருந்தது. அந்தத் திட்டத்தின்போது பல ஊர்களில் நிபந்தனைக் குறிப்பு விடுபட்டுப்போனது என்பது இயக்கங்களின் நெடுநாளைய குற்றச்சாட்டு. இரண்டு பதிவேடுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் அது கண்ணுக்கு முன்னால் தெரிந்தது. ஆய்வாளராக எனக்கு அன்று பண்டிகை. போனில் படம் எடுத்துக்கொண்டேன். அத்தியாயம் எழுதினேன். ஒரு கருத்தரங்கில் வாசித்தேன். கை தட்டினார்கள்.

ஆயாவிடம் சொல்லவில்லை.

நெறியாளரிடம் கேட்டேன். ஆய்வேட்டைக் கொடுத்து முடிக்கும் வரை தரவை வெளியே கொடுக்காதே, நீ ஆராய்ச்சி செய்ய வந்தாயா மனு எழுத வந்தாயா, பிரச்சினை என்று வந்தால் பல்கலைக்கழகம் உன் பக்கம் நிற்காது என்றார். அவர் கெட்டவர் இல்லை. என் உதவித்தொகை மாதக்கணக்கில் வராமல் நின்றபோது விடுதி மெஸ் பணத்தைக் கட்டியவர் அவர்தான். என் மீதான அக்கறையில்தான் சொன்னார். எனக்கும் பயம் இருந்தது, அந்த அறிவுரை வசதியாகவும் இருந்தது. எட்டு மாதம் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

ஆடியில் அந்தக் கழனியின் ஒரு பகுதியில் மனைக்கல் நட்டார்கள். ஐப்பசியில் வேறு ஒரு வேலையாகப் போனபோது பார்த்தேன். வெள்ளையும் மஞ்சளும் பூசிய கற்கள், வரிசையாக. அன்று சாயங்காலம்தான் ஆயா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து போனை எடுத்துக் காட்டினேன். ஆயாவின் பேரன் ஐ.டி.ஐ. படிக்கிற பையன். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தான். பிறகு விரலால் மேலே தள்ளினான். படம் எடுத்த தேதி வந்தது.

"அக்கா, இது மாசி மாசமே உங்ககிட்ட இருந்துதா?"

எனக்குப் பதில் வரவில்லை. ஆயாதான் சொன்னார்: "வுட்றா. படிக்கிற புள்ள, அதுக்கு இன்னா கஷ்டமோ." திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

போனில் இருக்கும் படம் எந்த அலுவலகத்திலும் செல்லாது. பேரனும் நானும் விண்ணப்பம் போட்டுச் சான்றிட்ட நகல் வாங்கினோம். அந்தக் காலனி மக்கள் ஒன்று சேர்ந்து தாசில்தாரிடம் மனு கொடுத்தார்கள், பிறகு கோட்டாட்சியரிடம். விசாரணை என்று இழுத்துக்கொண்டிருக்கிறது. நிலம் திரும்ப வரவில்லை. வரும் என்று உங்களிடம் சொல்ல என்னிடம் ஆதாரம் எதுவும் இல்லை. ஆனால் கல் நடுவதற்கு முன்பே அந்தத் தாள் அவர்கள் கையில் இருந்திருந்தால், மனு கல்லுக்கு முன்பே போயிருக்கும். அந்த எட்டு மாதத்துக்கு நான்தான் பொறுப்பு.

தரவு சேகரிக்கிறவர்களாக மட்டும் நம்மை வைத்திருக்கிறார்கள் என்று கோபால் குருவைப் படித்துக் கோபப்பட்டவள் நான். அந்த ஆயாவை நான் எப்படி வைத்திருந்தேன்? எனக்கு மேலே இருப்பவர்கள் எனக்குச் செய்ததை, நான் எனக்குக் கீழே செய்தேன். படிக்கட்டு மாதிரியான ஏற்றத்தாழ்வு என்று அண்ணல் விளக்கியது ஆய்வுக்குள்ளும் இருக்கிறது. காலனியில் பிறந்தவள் என்பதாலேயே அது தானாக உடைந்துவிடாது.

பயம் எங்கிருந்து வருகிறது என்பதையும் பேச வேண்டும். இளநிலை ஆய்வு உதவித்தொகை மாதம் 37,000 ரூபாய் என்று 2023 ஜனவரியிலிருந்து உயர்த்தினார்கள். காகிதத்தில் நல்ல தொகை. எந்த மாதம் வரும் என்பது யாருக்கும் தெரியாது. சிறுபான்மை மாணவர்களுக்கான மௌலானா ஆசாத் உதவித்தொகையை 2022-இல் நிறுத்தியே விட்டார்கள். ரோஹித் வெமுலா 2016 ஜனவரி 17 அன்று இறந்தபோது அவருக்கு ஏழு மாத உதவித்தொகை பாக்கி இருந்தது. வீட்டில் நிலம் இருக்கிற ஆய்வாளர் ஏழு மாதம் காத்திருப்பார். நாம் ஏழாவது மாதத்தில் கையெழுத்துக்காக யார் சொல்வதற்கும் தலையாட்டுவோம். தலைப்பிலிருந்து 'பஞ்சமி'யை எடு என்றால் எடுப்போம். உதவித்தொகை தாமதமாவது ஆபீஸ் சமாச்சாரம் மட்டும் இல்லை. எந்தக் கேள்வி கேட்கப்படும், எது கேட்கப்படாது என்பதை அதுதான் முடிவு செய்கிறது.

கீழடியில் தோண்டுகிறார்கள். நமக்கும் பெருமைதான், நானும் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். மண்ணுக்குள் இருக்கும் பானை ஓட்டை இவ்வளவு கவனமாக எடுக்கத் தெரிந்த நமக்கு, தாலுகா ஆபீஸ் பீரோவில் மக்கிக்கொண்டிருக்கும் செட்டில்மென்ட் பதிவேடுகளை ஊர்வாரியாகப் படியெடுத்து எல்லோரும் பார்க்கும்படி வைக்கத் தெரியாதா? தெரியும். அது பெருமை தராது, வழக்குதான் தரும் என்பதால் செய்யாமல் இருக்கிறோம். வரலாற்றுத் துறையும் தமிழ்த் துறையும் சட்டத் துறையும் சேர்ந்து செய்யக்கூடிய வேலை அது. இந்த வாசிப்பு வட்டத்திலிருந்து பத்துப் பேர் ஒரு தாலுகாவை எடுத்துக்கொண்டாலே தொடங்கிவிடலாம்.

முதலாண்டுத் தோழர்களுக்கு மூன்று விஷயம் சொல்லி முடிக்கிறேன்.

பழைய ஆவணம் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். தர்காஸ்து, அடங்கல், சிட்டா, இனாம், போரம்போக்கு, இந்தச் சொற்களெல்லாம் நம் தாத்தாக்களை ஏமாற்றப் பயன்பட்டவை. அவற்றைப் படிக்கத் தெரிந்த ஒருவர் ஒவ்வொரு காலனியிலும் இருக்க வேண்டும்.

நம் வலியை மட்டும் ஆய்வுப் பொருளாக எடுக்காதீர்கள். வலியைக் கொடுத்தவர் எப்படிச் சொத்து சேர்த்தார், எந்தப் பத்திரத்தில், எந்தச் சாட்சிகளோடு என்று தேடுங்கள். கேள்விக்குறியோடு தலைப்பு வையுங்கள். அவர்கள் எடுத்துவிட்டால் ஆய்வேட்டின் உள்ளே வையுங்கள்.

மூன்றாவது, யாரிடம் வாங்கினீர்களோ அவர்களிடம் திருப்பிக் கொடுங்கள். முதலில் கொடுங்கள். வைவா முடிந்து கொடுக்கலாம் என்று இருக்காதீர்கள். ஒரு பேட்டி எடுத்தால் அதன் நகல், ஒரு பதிவேடு கிடைத்தால் அதன் நகல், அவர்களுக்குப் புரியும் தமிழில் ஒரு பக்கம் விளக்கம். இதற்குத் துறையின் அனுமதி தேவையில்லை.

என் ஆய்வேட்டை அடுத்த மாதம் கொடுக்கப்போகிறேன். அட்டையில் குழு ஒப்புக்கொண்ட தலைப்புதான் இருக்கும், அதை மாற்ற முடியாது. முதல் அத்தியாயத்தின் முதல் வரியில் ஆயா கேட்ட கேள்வியை, அவர் கேட்டபடியே, கயனி என்றே எழுதியிருக்கிறேன். ஆய்வு மொழியில் திருத்தச் சொல்வார்கள். திருத்தப்போவதில்லை.